சூளகிரி அண்ணன் கேட்ட கேள்வி

செவ்வாய்

குளிப்பதற்கு முன் அம்மா கைக்கண்ணாடியை நீட்டினார். ஒருக்களித்துப் படுத்து, வால் எலும்புப் பக்கம் தோலைப் பார்த்துக்கொண்டேன். சிவப்பு இல்லை. விபத்தில் முதுகு அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே சுடுவதும் தெரியாது, அழுந்துவதும் தெரியாது. கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் ஆபரேஷன் முடித்து அனுப்பியபோது இதை யாரும் சொல்லவில்லை. எக்ஸ்-ரேயைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வந்தது. வீட்டில் மல்லாக்கவே கிடந்தேன். எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண் வந்தது.

வெள்ளி

சூளகிரி அண்ணன் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்தார். மாமரத்திலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவர். இப்போது செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, "தம்பி, குண்டி தூக்குறியா?" என்றார். அம்மா உள்ளே போய்விட்டார்.

செய்தும் காட்டினார். வீல்சேர் பிரேக்கைப் போட்டு, இரண்டு கைப்பிடியிலும் உள்ளங்கையை ஊன்றி, உடம்பை மெத்தையிலிருந்து எழுப்பி, அப்படியே தூக்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். கால் மணிக்கு, மிஞ்சினால் அரை மணிக்கு ஒருக்கா இப்படித் தூக்கினால்தான் அழுந்திய இடத்தில் ரத்தம் ஓடுமாம். கடையில் ஆள் நின்றாலும் தூக்குவாராம்.

யூரின் பேக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்று எந்த டாக்டரிடமும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அவரிடம் கேட்டேன். நாலு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை, சோப்புப் போட்டுக் கை கழுவி, நாமே கதீட்டரைச் செருகி, வடித்ததும் எடுத்துவிடலாம் என்றார். இதைச் சொல்லும்போது டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சாதாரணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு

அண்ணன் இதையெல்லாம் வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் கற்றவர். அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வேன் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மையம் 1966-இல் வந்தது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுதோறும் 'ரீஹாப் மேளா'வில் கூடுகிறார்கள்.

இப்படி இடம் அமைத்த இன்னொருவர் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன். 1975 ஜனவரியில், இங்கிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ வந்தது. தமிழ்நாட்டு 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியின் கேப்டனாக இருந்த ப்ரீத்தி சீனிவாசன், 1998-இல் புதுச்சேரிக் கடலில் அடிபட்டு, 2013-இல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பைத் தொடங்கினார்.

பத்திரிகைகள் இவர்களைத் தன்னம்பிக்கைப் பக்கத்தில் போடுகின்றன. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அடிபட்டவன் இன்னொரு அடிபட்டவனைச் சந்திக்க ஓர் இடம் கட்டினார்களே, அதுதான் காரியம்.

புதன்

சிப்காட்டில் என்னோடு காண்ட்ராக்ட்டில் இருந்த பையன்கள் வந்தார்கள். பாத்ரூம் கதவைக் கழற்றிவிட்டுத் திரை மாட்டினார்கள். இப்போது வீல்சேர் உள்ளே போகிறது. அங்கே நைட் ஷிப்ட் முடிந்து வரும்போதுதான் என் பைக்கில் லாரி மோதியது. "கம்பெனிக்கு வெளியே நடந்தது, ஒன்றும் வராது" என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், பணிக்காயமாகக் கொள்ள 2010-இல் ஈஎஸ்ஐ சட்டம் திருத்தப்பட்டது. முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் வரும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள், ராத்திரியிலும். ஈஎஸ்ஐ அட்டையையும் ஷிப்ட் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். பாகாயத்துக்கோ திருவண்ணாமலைக்கோ ஒருமுறை கூட்டிப்போங்கள். போக முடியாவிட்டால், பக்கத்து ஊரில் வீல்சேரில் கடை நடத்துகிறவர் யாரென்று விசாரித்து, அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.