நாற்பது நாள் பசி எதற்காக?

தவக்காலம் நெருங்கினால் எங்கள் பங்கு இளையவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எதை விட வேண்டும்? மச்சம் விட்டால் போதுமா, முட்டை சேருமா, தேத்தண்ணீருக்குச் சீனி போடலாமா? பிள்ளைகளே, கேட்பதில் பிழையில்லை. ஆனால் விட்டது யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

திருச்சபை நம்மிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. வயிறார உண்பது ஒரு வேளை மட்டும். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்த உணவு. 14 வயது நிறைந்தவர் சுத்தபோசனத்துக்கும், 18 வயது நிறைந்தது முதல் 60ஆவது வயது தொடங்கும் வரை உள்ளவர் ஒருசந்திக்கும் கட்டுப்பட்டவர்கள். அந்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். சட்டம் என்னை விட்டுவிட்டது. ஒருசந்தியை நான் விடவில்லை. புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்த நாளாகையால் நோன்புக் கணக்கில் சேராது; மீதி நாற்பது. துக்க காலத்தின் நடுவிலும் மகிழ்ச்சிக்கு இடம் வைத்த முன்னோர்களின் அறிவை நான் வணங்குகிறேன்.

கொழும்பு மாளிகாவத்தையில் கிறிஸ்தவனாக வாழ்ந்தவனுக்கு நோன்பின் பாடம் கோயிலில் மட்டும் கிடைப்பதில்லை. 2025இல் மார்ச் 5 திருநீற்றுப் புதன். அதற்குச் சில நாள் முன்னர்தான் ரமழான் பிறந்திருந்தது. ஒரே தொடர்மாடியில் இரண்டு நோன்பு. கொழும்பு மார்ச் வெயிலில் மூட்டை தூக்கும் மனிதர் ஒருவர், மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாமல் படியேறி வருவார். முகத்தில் சோர்வு இருக்கும், முறைப்பாடு இருக்காது. நோன்புக் கஞ்சி வந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு பாத்திரம் அனுப்பிவிட்டுத்தான் தாம் குடிக்க உட்காருவார். நோன்பிருக்கும்போது முகவாட்டம் காட்டாதே, தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவிக்கொள் என்ற மத்தேயு நற்செய்தியின் போதனையைப் பலமுறை படித்திருக்கிறேன். அது ஒரு மனிதரில் நடந்து வருவதை அந்தப் படிக்கட்டில்தான் பார்த்தேன்.

இதே மாளிகாவத்தையில் 2020 மே 21 அன்று நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். கொரோனாக் காலம். ஊரடங்கால் நாட்கூலிக்காரர் வீடுகளில் வருமானம் நின்று போயிருந்தது. பெருநாளை முன்னிட்டுத் தனியார் ஒருவர் பணம் பகிர்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டம் திரண்டது. நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். கொடுத்த மனத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எத்தனை அடுப்புகள் அணைந்திருந்தால் அப்படியொரு நெரிசல் வரும் என்பதுதான் இன்றும் என்னை வாட்டுகிறது. நாம் விரும்பி ஏற்கும் பசிக்கு மாலையில் ஒரு முடிவு உண்டு. அவர்களுடைய பசிக்கு முடிவு தேதி இல்லை. 2022இல் விலைவாசி ஏறியபோது நடுத்தர வீடுகளும் அதைக் கொஞ்சம் அறிந்தன. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்று எசாயா இறைவாக்கினரின் 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதை, அந்த மூன்று பெண்களை நினைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இனி நோன்பின் இன்னொரு முகம்: பொறுமை. ஒல்லாந்தர் நம் வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மறைவாக வந்து சேர்ந்தார் புனித யோசேப்பு வாஸ். கோவை என்று நம் பழையவர்கள் சொன்னது இன்றைய கோவாவை. அவருக்குப் பின் 1705இல் வந்தவர் ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார். தவக்காலத்தில் நம் மக்கள் ஆண்டவரின் பாடுகளைத் தியானித்து வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த கொடை. சுகமாக இருந்த ஒரு சபைக்காக எழுதப்பட்ட நூல் அல்ல அது. மூத்தவர்கள் அதை இழுத்து வாசிக்கையில் பிள்ளைகள் பொறுமையிழப்பதை நான் அறிவேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பொறுத்து இருக்கத் தெரிந்தவர்கள் காப்பாற்றித் தந்த விசுவாசம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அந்தப் பொறுமைக்கு என் வாழ்நாளிலேயே சோதனை வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாற்பது நாளும் முடிந்து, புத்தாடை உடுத்திப் பூசைக்கும் ஆராதனைக்கும் போனவர்கள் மீது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. விடுதிகளில் மாண்டவர்களையும் சேர்த்து 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கோயில்கள் மூடப்பட்டன. அடுத்த ஞாயிறு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். குண்டு வெடிக்கச் செய்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் சிலர்; அதற்காகப் பழிவாங்கக் கூடாது, முஸ்லிம் சகோதரர் மேல் கைவைக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். மாளிகாவத்தையில் எங்கள் முஸ்லிம் அயலவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றார்கள். செய்யாத குற்றத்துக்கு அவர்கள் பயந்திருந்தார்கள். கதவைத் தட்டிப் பேசப் போவதா, கதவை அடைத்துக்கொள்வதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாங்கள். அடுத்த மாதம் மினுவாங்கொடை முதலான இடங்களில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் எந்தக் கூட்டத்தினரானாலும், பாதிக்கப்பட்ட எங்கள் பெயரைச் சொல்லி எரித்தார்கள் என்பதே எனக்குப் பெரிய துக்கம். ஆயினும் பிள்ளைகளைப் பறிகொடுத்த எத்தனையோ குடும்பங்கள் பழியை நாடவில்லை. வாயில் வந்த சோற்றை வேண்டாம் என்று தள்ளப் பழகியவனுக்குத்தான், வாயில் வந்த வசைச்சொல்லையும் விழுங்க முடிகிறது. கொச்சிக்கடைக் கோயில் அந்த ஆண்டு ஜூன் 12 அன்று மீண்டும் திறந்தது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் இன்றும் அங்கே வருகிறார்கள்.

ஆகவே பிள்ளைகளே, இந்தத் தவக்காலத்தில் வெள்ளிதோறும் மிச்சமாகும் இறைச்சிக் காசைத் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் ஒழுங்கையில் அடுப்பு எரியாத வீடு எது என்று விசாரியுங்கள்; அது எந்த மதத்தவர் வீடென்று விசாரிக்க வேண்டாம். அவர்களை உங்கள் வாசலுக்கு வரவழைக்காமல், நீங்களே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.