தொட்டிக்குப் பூட்டு உண்டு, ஊற்றுக்கு?

நீலகிரியின் ஹட்டிகளிலும் தேயிலைத் தோட்டத்து ஊர்களிலும் 'தண்ணீர் விடுகிறவர்' என்று ஒருவர் இருப்பார். விடியுமுன்னே கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் டார்ச்சும் ஸ்பேனருமாக மேட்டுத் தொட்டிக்கு ஏறுவார். மேல் லைனுக்கு அரை மணி, கீழ் லைனுக்கு அரை மணி. இரவில் காட்டெருமை மிதித்துக் கருப்பு பைப் கழன்றிருந்தால் அதையும் அவரேதான் மாட்ட வேண்டும். கீழ் லைனின் கடைசி வீட்டில் குடம் நிறையாவிட்டால் முதல் திட்டு அவருக்கு. ஊர் கொடுக்கும் சம்பளம் அவருடைய செருப்புக்கும் காணாது.

ஊராட்சிக் குழாய் ஒருபுறம் இருக்க, ஊற்றுத் தண்ணீரை வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டுத் தாங்களே தொட்டி கட்டி, தாங்களே நடத்திக்கொள்ளும் ஊர்கள் இந்த மலையில் உண்டு. தொட்டிக்குப் பூட்டு இருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், வரவு செலவு நோட்டும் இருக்கும். ஊற்றுக்கு மேலே கிடக்கும் அந்த முக்கால் ஏக்கர் சதுப்பு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் பதில் வராது. சிமென்ட் தொட்டி ஒரு ராத்திரித் தண்ணீரைத்தான் பிடித்து வைக்கும். ஆறு மாதத் தண்ணீரைப் பிடித்து வைப்பது அந்தச் சதுப்புதான்.

மழைக்குப் பஞ்சமான மாவட்டம் இல்லை இது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 91 சென்டிமீட்டர். ஆனால் கொட்டியதில் பெரும்பகுதி அன்றைக்கே பவானிக்கும் மாயாற்றுக்கும் ஓடிவிடும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் குடத்துக்கு வருவது, சோலைக்கும் புல்வெளிக்கும் அடியில் மண்ணுக்குள் இறங்கி, பாறைமேல் மெதுவாகக் கசிந்து, பள்ளத்தில் எட்டிப் பார்க்கும் தண்ணீர். தோடர் மந்துகளில் பால் கோயிலுக்கென்று தனி நீரோடை உண்டு, வீட்டுப் புழக்கத்துக்கு வேறு. எந்தத் தண்ணீரை எதற்குத் தொடலாம் என்ற கட்டுப்பாடு இந்த மலைக்குப் புதிதல்ல.

மேலே நடுகிற மரம் கீழே வரும் தண்ணீரைக் குறைக்குமா என்ற சந்தேகத்துக்கு மலையிலேயே விடை இருக்கிறது. ஊட்டியிலுள்ள மத்திய மண்வள, நீர்வள ஆராய்ச்சி மையம், கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டது. மற்றொன்றில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் 1972ல் கற்பூர மரம் நட்டது. பத்து ஆண்டு அளந்து பார்த்ததில், மரம் நட்ட பக்கம் மொத்த நீரோட்டம் 16 சதவீதம் குறைந்திருந்தது. மழையில்லாத காலத்தில் கசிந்து வரும் நீர் 27 சதவீதம் குறைந்திருந்தது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். அது மார்ச் மாதத்துக் குடம்.

கற்பூர மரத்தைக்கூட ஊர் கூடிப் பேசி வெட்டிவிடலாம். அதைவிடச் சங்கடமான பயிர் கேரட். சதுப்பில் வடிகால் வெட்டி, பாத்தி எடுத்து, பக்கத்திலேயே மோட்டார் வைத்தால் கேரட் நன்றாக வரும், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறும். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை, விவசாயி விளைவிக்கத்தான் செய்வார். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாற்பது வீடு, நூற்றைம்பது பேர் உள்ள ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஆக, ஊருக்கு 8,250 லிட்டர். ஊற்றுக் குழாயில் 15 லிட்டர் பக்கெட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டரை நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர், நாளைக்கு 8,640 லிட்டர். சிறுவிரல் கனத்தில் விழும் தண்ணீர், இரவிலும் வீணாகாமல் தொட்டியில் பிடித்தால் மொத்த ஊருக்கும் போதும். இப்போது ஒரு ஏக்கர் கேரட்டுக்கு வருவோம். ஒரு ஏக்கரில் 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் தெளிக்க 8,000 லிட்டருக்கு மேல் வேண்டும். மேல்மண் நனையும், அவ்வளவுதான். ஊரின் ஒருநாள் குடிநீர் போய்விட்டது. வயலுக்குப் போட்ட உரமும் அடித்த மருந்தும் கீழே எங்கே இறங்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிலம் புறம்போக்காக இருந்தால் வழி சுலபம். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, 'அ' பதிவேட்டில் பார்த்துவிடலாம். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றி நிலத்தை ஊராட்சியிடம் திருப்ப வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிடலாம்.

பட்டா நிலமாக இருந்தால்தான் சிக்கல். 'ஊருக்குத் தண்ணீர் வேண்டும், நீ பயிர் வைக்காதே' என்று ஒருவரிடம் சொல்லும் ஊர், அவருக்கு என்ன கொடுக்கிறது? பைப்புக்குக் காசு, வால்வுக்குக் காசு, பெயின்ட்டுக்குக் காசு. தண்ணீர் தரும் நிலத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. இது நியாயமும் இல்லை, நீடிக்கவும் செய்யாது. அவர் இரண்டு வருடம் பொறுப்பார், மூன்றாவது வருடம் கேரட் விலை ஏறும்போது மோட்டாரை இறக்குவார்.

நாற்பது வீடும் மாதம் 100 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 48,000 ரூபாய். தண்ணீர் விடுகிறவருக்கு மாதம் 2,000 வீதம் 24,000. பைப், வால்வு, குளோரின் என்று 10,000 வைத்துக்கொண்டால் 14,000 மிஞ்சும். அதைச் சதுப்பின் சொந்தக்காரருக்குக் குத்தகையாகக் கொடுக்கலாம். உழக்கூடாது, வடிகால் வெட்டக்கூடாது, மாடு கட்டக்கூடாது, புல்லை மட்டும் அவர் அறுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. கேரட் நல்ல விலைக்குப் போன வருடத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். பறிகூலிக்கும் கட்டாத வருடத்தோடு ஒப்பிட்டால் அப்படி இல்லை. மாதச் சந்தா 100 அதிகம் என்று முணுமுணுப்பவர்கள், கோடையில் ஒரு டிராக்டர் தண்ணீர் என்ன விலைக்கு வாங்கினோம் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

மக்களே நடத்தும் தண்ணீர் நிலைக்காது என்று சொல்பவர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் பதில் இருக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்து ஒளவண்ணாவில், அரசுக் குழாய் வந்து சேராத குன்றுகளில் 1980களின் இறுதியிலிருந்து குடும்பங்கள் சங்கம் சேர்ந்து, சொந்தப் பணத்தில் கிணறு வெட்டி, தொட்டி கட்டி வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தன. பின்னால் வந்த கேரளத்தின் ஜலநிதித் திட்டமே அந்த வழியைப் பார்த்து அமைந்தது. ஜல் ஜீவன் விதிகளும் ஊர்த் தண்ணீர்க் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்கின்றன. மலைப்பகுதி என்றால் ஊருக்குள் நடக்கும் வேலைச் செலவில் மக்கள் பங்கு 5 சதவீதம் மட்டும். குழுவில் பெண்கள் பெயரளவுக்கு இருந்தால் போதாது. கடைசி வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உறுப்பினர் யார் என்பதிலும் தகராறு வரும். நிலம் உள்ளவருக்கே ஓட்டு என்றால், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறி, இன்னும் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் வெளியே நிற்க நேரும். அடுப்பு எரியும் வீடு ஒவ்வொன்றும் ஓர் உறுப்பினர் என்பதே சரி. இடம் வாங்கிக் காட்டேஜ் கட்டியவர் பத்து மடங்கு பணம் தருகிறேன் என்றாலும் அவருக்கும் ஒரு வீட்டின் பங்குதான். பணம் உள்ளவருக்குக் கூடுதல் இணைப்பு கொடுத்த அன்றைக்கே அது ஊர்த் தண்ணீர் இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது மார்ச் 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. ஊற்று மெலிந்திருக்கும் நேரம் அதுவே. முந்தைய நாள் பக்கெட்டும் கடிகாரமுமாக அளந்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைச் சபையில் வாசித்துத் தீர்மான நோட்டில் ஏற்றிவிட வேண்டும். நாலைந்து வருட எண்கள் சேர்ந்தால், மேலே என்ன நடந்தது என்று அந்த நோட்டே சொல்லும். பணக் கணக்கை மட்டும் ஹெத்தையம்மன் பண்டிகையை ஒட்டி வாசிக்கலாம். கோவை, திருப்பூரில் இருப்பவர்களும் ஊர் வந்திருப்பார்கள், சந்தா பாக்கியையும் அங்கேயே வாங்கிவிடலாம்.

குத்தகையை வாய்ப்பேச்சாக விடவேண்டாம். முத்திரைத் தாளில் சர்வே எண், நான்கெல்லை, தொகை, ஆண்டு எல்லாம் இருக்கட்டும். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டிக்கொடுத்த மகள்களையும் விட்டுவிடக் கூடாது.