ஒரே இருக்கை, ஆயிரம் விரல்கள்

டிசம்பர் 1

பொங்கல் முன்பதிவுக்கான கூட்டம் இன்று. சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் போகும் ஆம்னி பஸ்களின் இருக்கைகளை விற்பது எங்கள் செயலி. ஆண்டு முழுக்கச் சீராக ஓடும். பண்டிகை நாட்களுக்கான டிக்கெட் திறக்கும் காலையில்தான் திணறும். அந்தக் காலைக்கு என்ன செய்வது என்பதே பேச்சு.

வழி இரண்டு. இருக்கிற சர்வரையே பெரிதாக்கலாம்; ராமும் கோரும் கூட்டிக்கொண்டே போகலாம். அது வெர்டிகல் ஸ்கேலிங். அல்லது அதே அளவு சர்வர்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் ஒரு லோட் பேலன்சரை வைத்து வேலையைப் பங்கிடலாம். அது ஹரிசான்டல். பெரும்பாலோர் இரண்டாவதன் பக்கம். “இன்னும் நாலு சர்வர் போட்டா போதும்ண்ணா” என்றாள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்.

போன தீபாவளியின் வரைபடங்களைத் திரையில் போட்டேன். நெரிசலின் உச்சத்தில்கூட அப்ளிகேஷன் சர்வர்களின் சிபியூ பாதி நிரம்பவில்லை. டேட்டாபேஸில்தான் குவரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நின்றன. முன்னால் நாலு சர்வர் சேர்த்தால், பின்னால் காத்திருப்போர் எண்ணிக்கைதான் கூடும். எதைப் பெருக்குவது என்று தெரியாமல் எத்தனை என்று பேசக் கூடாது என்றேன். கூட்டம் அதோடு நின்றது.

டிசம்பர் 3

பெரிய இயந்திரத்தைப் பழைய காலத்துச் சிந்தனை என்று ஒதுக்குகிறவர்கள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பார்க்க வேண்டும். 2016-இல் அவர்கள் தங்கள் கட்டமைப்பை வெளிப்படையாக எழுதினார்கள். ஒரே நாளில் சுமார் 20 கோடி எச்டிடிபி கோரிக்கைகள். அவற்றைத் தாங்கியவற்றில் முக்கியமானவை 11 வெப் சர்வர்களும் 4 எஸ்கியூஎல் சர்வர்களும். டேட்டாபேஸ் இயந்திரங்களில் நினைவகத்தைத் தாராளமாகப் போட்டு, குவரிகளைக் கவனமாக எழுதினார்கள்; உலகமே வந்து போகிற தளம் அதில் ஓடியது.

இன்று அமேசான் கிளவுடில் 448 விசிபியூ, 24 டெராபைட் நினைவகம் உள்ள ஒற்றை இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். கோடில் ஒரு வரி மாற்ற வேண்டாம். ஜாயின் அப்படியே வேலை செய்யும், டிரான்சாக்ஷன் அப்படியே நிற்கும். சிறிய அணிக்கு இது பெரிய வரம்.

எல்லையும் உண்டு. இருப்பதிலேயே பெரிய இயந்திரத்தை எடுத்த பிறகு அடுத்த படி இல்லை. அளவை மாற்ற ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். அது விழுந்தால் எல்லாம் விழும். இன்னொரு உண்மையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பெரிய இயந்திரம் என்றால் வேகமான இயந்திரம் அல்ல. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் 2004-இல் கைவிட்டது. வெப்பமும் மின்சாரமும் அனுமதிக்கவில்லை. அதன்பின் வளர்ச்சி பெரும்பாலும் கோர்களின் எண்ணிக்கையில். ஆகவே ஒற்றைப் பெட்டிக்குள்ளும் வேலையைப் பங்கிட்டால்தான் பலன்.

டிசம்பர் 5

ஆம்தால் விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். ஐபிஎம்மில் இருந்த ஜீன் ஆம்தால் 1967-இல் முன்வைத்த வாதம். ஒருவர்பின் ஒருவராக மட்டுமே செய்ய முடிந்த பகுதி ஒரு வேலையில் 5 விழுக்காடு என்றால், எத்தனை ஆயிரம் பிராசஸர்களைக் கொட்டினாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. 10 விழுக்காடு என்றால் 10 மடங்கோடு சரி.

எங்கள் செயலியில் அந்தப் பகுதி எது? ஓர் இருக்கையை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது. போகிக்கு முந்தின இரவு மதுரை பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையை ஒரே நேரத்தில் ஆயிரம் விரல்கள் தொடலாம். ஒருவருக்குத்தான் தர முடியும். அதற்காக டேட்டாபேஸ் அந்த வரியைப் பூட்டுகிறது. இது தவிர்க்க முடியாதது, நியாயமானது.

ஆனால் கோடைப் பிரித்துப் பார்த்தபோது, பயணி பணம் கட்டி முடிக்கும்வரை டிரான்சாக்ஷன் திறந்தே கிடப்பது தெரிந்தது. அவர் யுபிஐ பின் போட்டு, வங்கியிலிருந்து பதில் வரும்வரை பூட்டு விழுந்தபடி இருக்கிறது. பஸ்ஸில் மீதி எத்தனை இருக்கை என்ற எண்ணும் அதே டிரான்சாக்ஷனில் திருத்தப்படுவதால், வேறு இருக்கை கேட்பவரும் பின்னால் நிற்கிறார். காத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு டேட்டாபேஸ் கனெக்ஷனைப் பிடித்துக்கொள்கிறார். கனெக்ஷன்கள் தீர்ந்ததும் நாகர்கோவில் பஸ்ஸுக்கு வந்தவரும் வெளியே நிற்கிறார். மில்லி செகண்டில் முடிய வேண்டியது நிமிடக்கணக்கில் நீள்கிறது. நெரிசலின் வேர் இது.

டிசம்பர் 8

பக்கவாட்டில் வளர்வதன் அருமையையும் எழுதிவைக்க வேண்டும். கூகுள் 2003-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தேடலுக்கு 15,000-க்கும் மேற்பட்ட சாதாரண கணினிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. ஒவ்வொன்றும் எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம் என்று ஒப்புக்கொண்டு, நம்பகத்தன்மையை மென்பொருளில் கட்டினார்கள். தேடலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் நடத்த முடியும். அங்கே இது பொருந்தியது.

நம் ஊர் உதாரணம் ஹாட்ஸ்டார். 2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர். தோனியும் ஜடேஜாவும் ஆடிய நேரத்தில் ஒரே சமயம் 2.53 கோடி பேர் பார்த்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. கலைகிறவர்களும் சுமைதான் என்பது அதில் உள்ள பாடம். வீடியோவை விட்டு பேக் பட்டனை அழுத்தும் ஒவ்வொருவரும் முகப்புப் பக்கத்தில் வந்து விழுகிறார்கள். கூட்டம் ஏறும் வேகத்துக்குப் புதிய சர்வர்கள் எழுந்து வர நேரம் போதாது என்பதால், அவர்கள் இயந்திரங்களை முன்கூட்டியே ஏற்றிவைத்தார்கள்.

இப்படிப் பெருக்க ஒரு நிபந்தனை உண்டு: எந்த சர்வரும் பயணியைத் தன் நினைவில் வைத்திருக்கக் கூடாது. எங்கள் செஷன் விவரங்களை எல்லா சர்வர்களுக்கும் பொதுவான ரெடிஸுக்கு மாற்றும் வேலையை, டீமில் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். நேர்த்தியாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 11

“டேட்டாபேஸையே பிரிச்சுட்டா என்ன?” என்று அதே பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ரயில் முன்பதிவின் கதையைச் சொன்னேன்.

கணினிக்கு முன் ரயில் இருக்கைகள் பேரேடுகளில் இருந்தன. இன்ன ரயிலின் பேரேடு இன்ன கவுன்டரில் என்ற ஏற்பாடு. ஒரு கவுன்டரில் வரிசை தெருவரை நீளும். பக்கத்துக் கவுன்டர் சும்மா இருக்கும். இன்று நாம் ஷார்டிங் என்பது அதுதான், அதன் நோயும் அதுதான். 1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கிய பின், எந்தக் கவுன்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் வாங்க முடிந்தது. பிறகு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள் தத்தம் ரயில்களின் தரவை வைத்துக்கொண்டன. 1999-இல் அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. தரவு பிரிந்திருந்தது, பயணிக்கு அந்தப் பிரிவு தெரியவில்லை.

பஸ் பயணத்தை வைத்துப் பிரித்தால் இருக்கை பூட்டுவது ஒரே ஷார்டுக்குள் முடியும். ஆனால் “என் பயணங்கள்” பக்கம் எல்லா ஷார்டையும் தட்ட வேண்டும். பயணியை வைத்துப் பிரித்தால் இருக்கை சிக்கலாகும். பஸ்ஸை வைத்துப் பிரித்தாலும் அந்த ஒரு மதுரை பஸ் ஒரே ஷார்டில்தான் இருக்கும். ஆகவே எங்கள் நெரிசலுக்கு ஷார்டிங் மருந்து அல்ல. வடிவமைப்புச் செயலியான ஃபிக்மா 2020-இல் அமேசானின் மிகப் பெரிய இயந்திரத்தில் ஒற்றை போஸ்ட்கிரெஸை ஓட்டியது. கேஷ், ரெப்ளிகா, டேபிள்களைத் தனித்தனி டேட்டாபேஸ்களாகப் பிரிப்பது என்று படிப்படியாகப் போய், 2023-இல்தான் முதல் டேபிளை ஷார்டு செய்தது. அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

டிசம்பர் 14

பல இயந்திரம் என்றாலே வேகம் என்ற நம்பிக்கையை 2015-இல் ஃபிராங்க் மெக்ஷெர்ரி, மைக்கேல் இசார்ட், டெரெக் மர்ரே மூவரும் சோதித்தார்கள். ட்விட்டர் தொடர்புகளின் பெரிய வரைபடத்தில் பேஜ்ரேங்க் கணக்கு. 128 கோர்களில் ஓடிய பிரபலமான சில அமைப்புகளை, லேப்டாப்பில் ஒற்றை த்ரெட்டில் எழுதிய நிரல் முந்தியது. காரணம் விளங்காதது அல்ல. தன் நினைவகத்தைத் தொட ஓர் இயந்திரத்துக்குச் சுமார் 100 நானோ செகண்ட். ஒரே டேட்டா சென்டரில் அடுத்த இயந்திரத்துக்குப் போய்வர சுமார் அரை மில்லி செகண்ட். ஏறத்தாழ 5,000 மடங்கு. பிரிப்பது இலவசம் அல்ல.

டிசம்பர் 17

மாற்றம் முடிந்தது. இருக்கையின் வரியில் இன்னாருக்கு, இந்த நேரம்வரை என்று எழுதி உடனே கமிட் செய்கிறோம். பணம் வந்தால் இருக்கை உறுதி. நேரம் கடந்தால் தானாகத் திரும்பும். மீதி இருக்கை எண் தனியாகக் கணக்கிடப்படுகிறது. தேடல் பக்கங்கள் ரெப்ளிகாவிலிருந்து வருகின்றன. தீபாவளிச் சுமையைவிட அதிகமாக ஏற்றிச் சோதித்தோம். பூட்டுக் காத்திருப்பு வரைபடத்தில் தரையோடு படுத்துக் கிடந்தது. இதற்குப் பின்தான் டேட்டாபேஸ் இயந்திரத்தை ஒரு படி பெரிதாக்கினோம். முன்வரிசையில் சர்வர்களைக் கூட்டினோம். இரண்டும் இப்போது பலன் தருகின்றன.

டிசம்பர் 20

காலையில் டிக்கெட் திறந்தோம். செயலி நிற்கவில்லை. ஒரே இருக்கை இருவருக்குப் போனதாக ஒரு புகாரும் இல்லை.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்: உயரமா அகலமா என்ற விவாதத்துக்குள் முதலில் நுழையாதீர்கள். பிரிக்கவே முடியாத பகுதி எது என்று தேடுங்கள், அளந்து பாருங்கள், அதைச் சுருக்குங்கள். நினைவு வைக்காததை அகலமாக்குங்கள். நினைவு வைப்பதை முடிந்தவரை ஒரே இடத்தில் உயரமாக்குங்கள். வேறு வழியே இல்லாத நாளில் மட்டும் தரவைப் பிரியுங்கள். பண்டிகைக்கு ஊர் போகக் காத்திருப்பவருக்கு நம் கட்டமைப்பின் பெயர் தேவையில்லை. அவருக்கு வேண்டியது ஓர் இருக்கை.