எட்டு ஜிபிக்குக் காசு கொடுத்தால் ஆறுதானா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மனை வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். பத்திரத்தில் ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி என்று இருக்கும். ஆனால், அத்தனை அடியிலும் வீடு கட்டிவிட முடியாது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் காலியிடம் விட வேண்டும். அபார்ட்மென்ட் என்றால் பில்லில் ஒரு அளவு, உள்ளே நடமாடும் கார்பெட் ஏரியா வேறு அளவு. படிக்கட்டும் லிஃப்டும் இடம் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரின் ரேம் விஷயத்திலும் இதே கதைதான். அது தெரியாததால், திருமுல்லைவாயலில் ஒரு வீட்டில் முப்பது வருட நட்பு முறியப் பார்த்தது.

அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகள் பி.காம் படித்துவிட்டு, அதே எஸ்டேட்டில் இருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். பில்களை டேலியில் ஏற்றுவது, மாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என்று வேலை சரியாக இருக்கும். அதற்காக, தன் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து, பூந்தமல்லியில் ஒரு கடையில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார் அவர். கடைக்காரர் வேறு யாருமில்லை, அவருடன் பக்கத்து மெஷினில் நின்று வேலை பார்த்த நண்பரின் மகன்.

வந்த சில வாரங்களில் மெஷின் திணற ஆரம்பித்தது. எக்செல், டேலி, பிரவுசரில் நாலைந்து பக்கம் என்று திறந்தால் மவுஸ் நகர மறுத்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து செட்டிங்ஸைத் திறந்து பார்த்தான். '8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 5.9 ஜிபி' என்று இருந்தது.

"எட்டுன்னு காசு வாங்கிட்டு ஆறு போட்டிருக்கான் பாரு. அவங்க அப்பனுக்கு இப்பவே போன் போடறேன்" என்று செல்போனை எடுத்தார் அவர்.

"அப்பா, கொஞ்சம் இருப்பா. ஆறு போட்டிருந்தா எட்டுன்னு எப்படிக் காட்டும்?" என்றாள் மகள்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. விண்டோஸ் இரண்டு எண்களைக் காட்டுகிறது. முதல் எண், பொருத்தப்பட்டிருக்கும் ரேம். அது 4 என்று காட்டினால்தான் கடைக்காரரைக் கேட்க வேண்டும். இரண்டாவது எண், மற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சுவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் கீழே 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று ஒரு வரி இருக்கும். மகள் பார்த்தபோது அதில் 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் இருந்தது.

எடுத்தது யார்? திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ். தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்தால் அதற்கென்று சொந்த மெமரி இருக்கும். விலை குறைவான கம்ப்யூட்டர்களில் கிராஃபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. சொந்த மெமரி இல்லாததால் பொது ரேமிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்கிறது. சில போர்டுகளில் அந்தப் பங்கு 2 ஜிபி வரை போகும்.

இந்த முறை போன் போட்டது மகள். போட்டது கடைக்காரருக்கு. அவர் கோபப்படாமல் வழி சொன்னார். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் பட்டனை அழுத்தி பயாஸுக்குள் போய், கிராஃபிக்ஸ் மெமரியை 512 எம்பியாகக் குறைத்து சேவ் செய்யச் சொன்னார். செய்தாள். பயன்படுத்தக்கூடியது 7.4 ஜிபி ஆனது. கணக்கு வேலைக்கு 512 எம்பி தாராளம். தேவைப்பட்டால் கிராஃபிக்ஸ் பொது ரேமிலிருந்து தற்காலிகமாகக் கடன் வாங்கிக்கொள்ளும். கேம் விளையாடுபவர்கள் மட்டும் யோசித்துக் குறைக்க வேண்டும். எல்லா லேப்டாப்களிலும் இந்த வசதி இருக்காது.

ரேம் குறைந்து தெரிய வேறு காரணங்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் 32-பிட் விண்டோஸ் இருந்தால், அதனால் எண்ணி முகவரி கொடுக்க முடிந்தது 429,49,67,296 பைட்டுகளுக்குத்தான். அதாவது 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி மற்ற பாகங்களின் முகவரிகளுக்குப் போய்விடுவதால் மூன்று, மூன்றரை ஜிபிதான் தேறும். அதில் கூடுதல் ரேம் வாங்கிப் போடுவது வீண். பிராசசர் இடம் கொடுத்தால் 64-பிட் விண்டோஸுக்கு மாற வேண்டும்.

இரண்டு ரேம் போட்டும் ஒன்றுதான் தெரிகிறது என்றால், அது ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரும்புப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். யாராவது எம்எஸ்கான்ஃபிக் செட்டிங்கில் 'மேக்ஸிமம் மெமரி' பெட்டியை டிக் செய்திருந்தாலும் ரேம் குறையும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். 'ரேமைக் கூட்டித் தருகிறோம்' என்று சொல்லும் இலவச சாஃப்ட்வேர்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதுதான் காரணம். புதிதாக வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வண்டியை எடுக்கும் முன், இருப்பது முழுதாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

அந்த மாதம் 20-ம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே ரிட்டர்ன்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அவர் தன் நண்பருக்கு போன் செய்தார். "உன் பையன் நல்ல மெஷினாத்தான் குடுத்திருக்கான்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.