நெருப்பு நீரான தலம் - ரிவால்சர்

இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரையில் அமைந்துள்ள மண்டி நகரம், கற்கோயில்கள் நிறைந்திருப்பதால் 'மலைகளின் காசி' என்று போற்றப்படுவது. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஏறினால், குன்றுகள் சூழ்ந்த பள்ளம் ஒன்றில் சிறிய ஏரி கண்ணில் படுகிறது. அதன் கரையைச் சுற்றி அமைந்த சிற்றூரே ரிவால்சர். கடல்மட்டத்திலிருந்து 1,360 மீட்டர் உயரம். மூச்சு வாங்க வைக்கும் உயரமன்று.

கோயில் மணியோசையும், பௌத்த மடங்களின் நீண்ட ஊதுகுழல் ஒலியும், குருத்வாராவின் கீர்த்தனமும் இவ்வேரியின் மேல் ஒன்றுகலந்து தவழ்கின்றன. ஏரிக்கு மேலே மலைச்சரிவில் 123 அடி உயரத்தில் பத்மசம்பவரின் பொன்னிறத் திருவுருவம் அமர்ந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தலாய் லாமா அதனைப் பிரதிட்டை செய்தார்.

பௌத்த மடங்கள் நிறைந்த ஊரில் இந்து அன்பருக்கு என்ன வேலை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை ஏரிக்கரையிலேயே இருக்கிறது.

வனவாச காலத்தில் பாண்டவர்களைப் பாரதத் திருநாட்டின் தீர்த்தங்களுக்கெல்லாம் அழைத்துச் சென்று, அவற்றின் பெருமைகளை எடுத்துரைத்தவர் லோமச மகரிஷி. மகாபாரதத்தின் வனபர்வம் அந்த யாத்திரையை விரிவாகச் சொல்கிறது. தீர்த்தங்களை அறிந்த அந்த மாமுனிவரே சிவபெருமானை நோக்கித் தவம் புரியத் தேர்ந்த இடம் இவ்வேரிக்கரை என்பது ஐதிகம். லோமச ரிஷிக்கும், சிவபெருமானுக்கும், கண்ணபிரானுக்கும் இங்கே சிறு கோயில்கள் உள்ளன. சித்திரைப் பிறப்பையொட்டி வரும் வைசாகித் திருநாளில் சுற்றுவட்டார மக்கள் திரண்டு வருகிறார்கள். ஊருக்கு மேலே மலையில் குந்திதேவியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு ஏரி உண்டு. மலையுச்சியில் நைனாதேவி கோயில் கொண்டிருக்கிறாள். (பிலாஸ்பூர் மாவட்டத்தில் உள்ள புகழ்பெற்ற நைனாதேவி ஆலயம் வேறு, இது வேறு.)

திபெத்தியர்கள் இவ்வேரியை 'சோ பெமா' என்பார்கள். 'சோ' என்றால் ஏரி. 'பெமா' என்பது வேறொன்றுமன்று. 'பத்மம்' என்ற வடசொல்லே திபெத்திய நாவில் அவ்வாறு திரிந்தது. தாமரை ஏரி என்பது பொருள்.

எட்டாம் நூற்றாண்டில் திபெத்தில் பௌத்தம் வேரூன்றக் காரணமானவர் பத்மசம்பவர். 'குரு ரின்போச்சே', அதாவது விலைமதிப்பற்ற குரு, என்றே திபெத்தியர் அவரை வணங்குகின்றனர். அவர் இப்பகுதியில் வாழ்ந்த காலத்தில், இந்நாட்டு மன்னனின் மகள் மந்தாரவை அவரிடம் உபதேசம் பெற்றாள். அரண்மனைப் பெண் ஓர் அந்நியத் துறவியிடம் பாடம் கேட்பதா என்று வெகுண்ட மன்னன், குருவை உயிரோடு தீயிலிடக் கட்டளையிட்டான். விறகு அடுக்கப்பட்டது, தீ மூட்டப்பட்டது. நாட்கள் கடந்தும் புகை அடங்கவில்லை. ஐயுற்று வந்து பார்த்த மன்னன் கண்டது சாம்பலை அன்று. சிதை இருந்த இடத்தில் ஓர் ஏரி; ஏரியின் நடுவே மலர்ந்த தாமரை; அதன்மேல் இளம் பாலகனாகப் புன்முறுவலுடன் குருநாதர். மன்னன் மனம் வருந்தி அடிபணிந்தான். மகளையும் அவருக்கே அளித்தான். அந்த ஏரியே இது என்பது அவர்களின் நம்பிக்கை.

தமிழ் அன்பர்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. பல்லவ மன்னன் ஆணையால் ஏழு நாள் நீற்றறையில் அடைக்கப்பட்ட அப்பர் பெருமானுக்கு, அந்தச் சுண்ணாம்புச் சூளை குளிர்ந்த பொய்கையாக இருந்தது. பிரகலாதனைத் தீ தீண்டவில்லை. அடியாரைச் சுட்டெரிக்க மூட்டிய தீ, அடியாருக்கே குளிர்ச்சியாகிறது. இந்த உண்மையை இமயச்சாரலும் அறிந்திருக்கிறது.

மூன்றாவதாகச் சீக்கியர்களுக்கும் இது புனித பூமி. ஔரங்கசீப்பின் ஆட்சியை எதிர்த்து மலைநாட்டு அரசர்களுடன் கலந்து பேசக் குரு கோவிந்த சிங் இங்கு வந்தார் என்பது அவர்கள் வரலாறு. அதன் நினைவாக 1930இல் மண்டி மன்னர் ஜோகிந்தர் சென் எழுப்பிய குருத்வாரா, படிகளின் மேலே ஏரியை நோக்கி நிற்கிறது. தலையைத் துணியால் மூடிக்கொண்டு எவரும் செல்லலாம்; பந்தியில் அமர்ந்து உணவு கொள்ளலாம்.

ஏரியின் சுற்றளவு சுமார் 735 மீட்டர்தான். வயது முதிர்ந்தவர்களும் நின்று நின்று ஒரு பிரதட்சிணம் முடித்துவிடலாம். விடியற்பொழுதில் இப்பாதையில் முதலில் காணக் கிடைப்பவர்கள் திபெத்திய மூதாட்டிகள். ஒரு கையில் ஜபமாலை. மறு கையில் சுழலும் சிறு பிரார்த்தனை உருளை. அவர்களும் வலமாகவே சுற்றுகிறார்கள். அவர்கள் மாலையிலும் 108 மணிகள். கரையோரக் கற்களில் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது. பிரணவத்தில் தொடங்கும் அந்த மந்திரத்தைக் காணும்போது, அதைச் செதுக்கிய கையையும் வணங்கத் தோன்றும்.

1959க்குப் பின் தாய்நாட்டைத் துறந்து வந்த திபெத்தியர்களில் பலர் இங்கே தங்கினர். பிறந்த மண்ணுக்குத் திரும்ப வழியற்றவர்களுக்குக் குருவின் ஏரி ஆறுதலாயிற்று. நியிங்மா, காக்யு ஆகிய மரபுகளைச் சேர்ந்த மடங்கள் கரையிலும் சரிவிலும் உள்ளன. மேலே மலைக்குகைகளில் பிக்குணிகள் தவவாழ்வு வாழ்கின்றனர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் குரங்கு ஆண்டில், மகாமகத்திற்குக் குடந்தையில் கூடுவதுபோல், இங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. அடுத்த குரங்கு ஆண்டு 2028.

ஏரியில் மீன்கள் ஏராளம். எவரும் பிடிப்பதில்லை, அவை தெய்வத்தின் சொத்து. கரைக்கு வருவோர் பொரியும் பிஸ்கட்டும் வாங்கி எறிகிறார்கள். மூன்று சமயத்தாரும் செய்யும் ஒரே புண்ணியச் செயல் இது. ஆனால் அந்தப் புண்ணியமே வினையாகக்கூடும் என்பதை 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காட்டியது. ஏரி நீர் நிறம் மாறியது. மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று கூறப்பட்டது. உண்ணப்படாத தீனி அடியில் தங்கி அழுகும்போது நீரின் உயிர்க்காற்றை அதுவே குடித்துவிடும். கழிவுநீரும், மலையிலிருந்து அடித்து வரப்படும் மண்ணும் அதனுடன் சேர்ந்தால் ஏரி என்ன செய்யும்? முற்காலத்தில் இங்கு நாணல் திட்டுகள் காற்றில் மிதந்து நகர்வதைப் பயணிகள் அதிசயித்துப் பார்த்தார்கள். அவற்றில் குருவே உலவுவதாகத் திபெத்தியர் கும்பிட்டார்கள்.

மன்னன் மூட்டிய தீயை இந்த நீர் வென்றது என்கிறது கதை. அன்பர்கள் எறியும் தீனியை வெல்ல அதற்கு வலிமை இருக்குமா? ஒரு கைப்பிடி பொரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வெறுங்கையால் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் வழிபாடுதான். எறிய நினைத்த அந்தக் காசை ஒரு முதியவருக்குத் தேநீராக வாங்கித் தரலாம். மடத்தில் ஒரு விளக்கு ஏற்றலாம். லோமசர் தவம் செய்த நீர், குரு மலர்ந்த நீர், எவருக்கு உரியதென்று அங்கே எவரும் வழக்காடவில்லை. எல்லாருக்கும் உரியது என்றால், காப்பதும் எல்லாருக்கும் கடனே.

செல்வோர் கவனத்திற்கு:

சண்டிகரிலிருந்து மண்டி சாலை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். மண்டியிலிருந்து ரிவால்சருக்குப் பேருந்தும் வாடகைக் காரும் உண்டு. மார்ச் முதல் ஜூன் வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்றவை. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழையால் மலைச்சரிவு நேரும். அக்காலத்தைத் தவிர்ப்பது நலம்.

மடங்களின் விருந்தினர் இல்லங்களிலும் மாநிலச் சுற்றுலாத் துறை விடுதியிலும் தங்கலாம். கடைகளில் 'மோமோ' என்னும் கொழுக்கட்டை போன்ற பண்டத்தில் இறைச்சி இருக்கக்கூடும். சைவ அன்பர்கள் கேட்டு வாங்குதல் வேண்டும்.

மடத்தினுள் காலணியின்றிச் செல்க. திருவுருவங்களை நோக்கிக் கால் நீட்டலாகாது. லாமாக்கள் ஓதும் வேளையில் ஓர் ஓரமாக அமர்ந்து கேட்கலாம். குகைகளுக்கும் பெரிய திருவுருவத்திற்கும் படியேற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏரிக்கரையில் அமர்ந்தே கைகூப்பினாலும் குறையில்லை. அங்கிருந்தே குருவின் திருமுகம் தெரிகிறது.