வாசலிலே சொல்ல வேண்டியது

சென்ற ஆண்டுத் தீபாவளிக்கு மறுநாள், மழை சற்றே ஓய்ந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த மாலை வேளையில், என் பழைய மாணவி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்தவள். எங்கள் கல்லூரியில் உயர்தரம் வரை பயின்று, பல்கலைக்கழகம் சென்று, இப்பொழுது கொழும்பில் ஒரு கணினி மென்பொருள் நிறுவனத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். பலகாரத் தட்டை முன்னே வைத்துவிட்டு, “அங்கே உனக்கு என்ன வேலை, பிள்ளை?” என்று வினவினேன்.

“வாசலில் நின்று ஆட்களை உள்ளே கூட்டிப்போகும் வேலை, சேர்” என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் தருகிறேன். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்காக அவர்கள் ஒரு ‘வாலட்’டை, அதாவது கிரிப்டோ நாணயத்துக்குரிய பணப்பையை, கைத்தொலைபேசியில் இயங்குமாறு ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனை முதன்முதலாகத் திறப்பவர் எந்தப் பக்கத்தைக் காண்பார், எதை வாசிப்பார், எங்கே விரலை வைப்பார் என்பவற்றை வரிசைப்படுத்தி அமைப்பது இவள் பொறுப்பு. அத்தொழிலில் இதற்கு ‘ஒன்போர்டிங்’ என்று பெயராம். சரித்திரம் கற்பிக்கும் எனக்கு அச்சொல்லைக் கேட்டதும் கப்பல்தான் ஞாபகத்துக்கு வந்தது. புதியவரைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளுதல் என்பதே அதன் நேர்ப்பொருள்.

பணப்பை என்று பெயரே தவிர, அதனுள் பணம் கிடையாது. 2009ஆம் ஆண்டு பிட்கொயின் இயங்கத் தொடங்கியது முதல், எந்த முகவரிக்கு எவ்வளவு என்னும் கணக்கு உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே பேரேடாகப் பிரதி செய்யப்பட்டு வருகிறது. பணப்பையில் இருப்பது, அப்பேரேட்டில் நம்முடைய பங்கை அசைப்பதற்கான இரகசியத் திறவுகோல் மட்டுமே. நம் தோட்டத்துச் செக்ரோலைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழுப்பேருக்குப் பதிலாக அரைப்பேர் விழுந்துவிட்டால் போய் முறையிட ஒரு கணக்கப்பிள்ளையும் இல்லாத செக்ரோல்.

அத்திறவுகோலை மனிதர் எழுதி வைத்துக்கொள்ளத்தக்க வடிவில் தருவதற்கு 2013ஆம் ஆண்டு ஒரு முறை வகுக்கப்பட்டது. 2048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டு சொற்களைக் கணினி எழுந்தமானமாகப் பொறுக்கி, ஓர் ஒழுங்கில் தரும். கைத்தொலைபேசி ஆற்றில் விழுந்தாலும் அச்சொற்கள் இருந்தால் பணம் மீளும். சொற்கள் தொலைந்து, கருவியும் கெட்டால் பணம் போயிற்று. வேறொருவர் அவற்றைப் பார்த்துவிட்டாலோ, பணம் அவருடையது. பிறர் ஊகித்து அறிவதென்பது நடவாத காரியம். அவ்வாறு அமையக்கூடிய வரிசைகளின் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்.

“அம்மாயிக்கு இதைக் காட்டிப் பார்க்கலாமா, சேர்?” என்று அவள் கேட்டாள். என் தாயார் 35 வருடங்கள் கொழுந்து பறித்தவர். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பதோடு சரி. இதுவரை இவ்விஷயத்தை அறியாத ஒருவர் எந்த இடத்தில் திகைக்கிறார் என்று காண்பதே அவள் நோக்கம். அது வெறும் பரீட்சைப் பிரதி. அதில் ஒரு சதமும் இல்லை.

முதற் பக்கத்தில் ஒரு மலையின் படமும், “உங்கள் பணம் உங்கள் கையில்” என்ற வாசகமும் இருந்தன. அம்மா மெச்சிக்கொண்டார். அடுத்த பக்கத்தில் ஆறு இலக்க இரகசிய எண். அதையும் ஒருவாறு கடந்தார். மூன்றாம் பக்கத்தில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்து நின்றன. நான் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, பழக்க தோஷத்தால் தமிழ் எழுத்திலேயே தாளில் குறித்தேன். “அப்படி எழுதினால் செல்லாது, சேர். ஆங்கில எழுத்திலேயே, இதே ஒழுங்கிலே இருக்கவேண்டும்” என்றாள் மாணவி. சீனம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளுக்கும் அம்முறையில் பட்டியல் உண்டாம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் இல்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் பிள்ள, இந்தத் தாளு தொலைஞ்சா எந்த ஆபீசுல போயிக் கேக்குறது?”

“ஆபீசு இல்ல அம்மாயி. யாராலயும் எடுத்துக் குடுக்க ஏலாது.”

“அப்ப அத மொதல்லயே சொல்ல வேணாமா? மலைப் படத்தைக் காட்டி உள்ளுக்குக் கூப்பிட்டுட்டு, மூணாவது வாசல்ல வந்தா சொல்லுவாங்க?”

மாணவி குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவ்வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அவள் மனத்தை அரித்துக்கொண்டிருந்ததும் அதுவேதான் என்பது பின்னர் தெரிந்தது. எத்தனை பேர் எந்தப் பக்கத்தில் வெளியேறிப் போகிறார்கள் என்று நிறுவனத்தில் கணக்கெடுக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு சொற்களின் பக்கத்திலேதான் மிகப் பலர் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே அங்கே “பின்னர் பார்க்கலாம்” என்றொரு பொத்தானைப் பெரிதாக வைத்து, எச்சரிக்கையைச் சிறிய எழுத்தில் கீழே தள்ளிவிடுமாறு மேலிடத்திலிருந்து உத்தரவு. “செய்வது சரியா, சேர்?” என்று கேட்டாள்.

நான் அவளுக்குக் கணினியைப் பற்றி எதைச் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த கப்பலைப் பற்றிச் சொன்னேன். நம் பாட்டனார்மார் இக்கரை வந்தபோதும் ஓர் ஏற்றுமுறை இருந்தது. 1900களின் தொடக்கத்தில், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரச் சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்; அதைக் காட்டினால் வழிநெடுக யாரும் தடுப்பதில்லை, கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதுமில்லை. பிரயாணம் அத்துணை இலகுவாக்கப்பட்டிருந்தது. அந்தச் செலவெல்லாம் கடனாக ஏறிக்கொண்டிருந்தது மட்டும் பலருக்கு மலையேறி வந்து, முதற் சம்பளம் கணக்குப் பார்க்கும் நாளிலேதான் விளங்கியது. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் போக விடாத ‘துண்டு’ முறையோ 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தகரச் சீட்டை வடிவமைத்தவர் பொய் ஏதும் எழுதவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை, அவ்வளவே.

என் தந்தையாரின் கதையையும் சொன்னேன். தோட்டத்துப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர். அடையாள அட்டையில் எழுத்து மாறிய வேறொரு பெயர். வேலையிற் சேர்ந்த அன்று ‘பெயர் சரியாக இருக்கிறதா, பார்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் அது தோன்றவில்லை. ஓய்வு பெற்றபின் வரவேண்டிய தொகைக்காக இரண்டு வருடங்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைந்தார். தொகை வந்தபோது அவர் இல்லை. அம்மாதான் கைந்நாட்டு வைத்து வாங்கினார். எனினும் அங்கே ஏறி இறங்கப் படிகளாவது இருந்தன. இங்கே அதுவும் இல்லை. வேல்ஸ் தேசத்து நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவருடைய திறவுகோல் அடங்கிய வன்தட்டு 2013ஆம் ஆண்டு குப்பையோடு போய்விட்டது. ஏறக்குறைய 8,000 பிட்கொயின்கள். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நீதிமன்றம் சென்றார். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

“அப்ப ஒரு பெரிய எடத்துல குடுத்து வச்சிட்டா என்ன?” என்றார் அம்மா, வெற்றிலையை மடித்தபடி. அப்படியும் இலட்சக்கணக்கானோர் கொடுத்து வைத்தார்கள். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற பெருஞ்சந்தை நொடித்தபோது அவர்களெல்லாம் வாசலில் நின்றார்கள் என்று மாணவி விடையளித்தாள். அம்மா சற்று யோசித்தார். “அப்ப நம்பிக்கையான நாலஞ்சு பேருக்குத் தெரிஞ்சு இருக்கட்டும். சீட்டுப் புடிக்கிற மாதிரி. ஒருத்தி தனியா எடுக்க ஏலாது. மூணு பேரு சேர்ந்து சொன்னா எடுக்கலாம்.”

மாணவி வியப்புடன் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முறை உண்மையிலேயே இருக்கிறதாம். நம்பகமான சிலரைக் காவலராக நியமித்து, அவர்களுட் பெரும்பான்மையோர் இசைந்தால் பணப்பையை மீட்கும் ஏற்பாடு அது. எதீரியத்தை உருவாக்கியோருள் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் 2021ஆம் ஆண்டு அதை வற்புறுத்தி எழுதியிருக்கிறார். லயத்துப் பெண்கள் சீட்டுப் பிடித்துப் பழகியதால் அம்மாவுக்கு அஃது எளிதாகத் தோன்றிற்று.

இங்கே ஒன்றை இடைமறித்துச் சொல்லவேண்டும். இந்த நாணயத்தில் ஒரு ரூபாவும் போடும்படி நான் எவருக்கும் ஆலோசனை கூறவில்லை. நமது மத்திய வங்கி 2018 முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது; வங்கி அட்டைகளைக் கொண்டு இதற்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்று 2021இல் அறிவித்தது. மாணவியின் பணப்பையும் இந்நாட்டாருக்கென்று செய்யப்படுவதன்று. அதற்காக, எங்கோ உள்ள ஒரு புதியவர் திகைப்பதும் திகையாததும் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஆகிவிடுமா?

அவள் கேட்ட கேள்விக்கு அன்றிரவு நாங்கள் இருவரும் பேசிக் கண்ட விடை, நான் முதலில் எண்ணியதைப் போலக் கண்டிப்பானதாக இல்லை. வெறும் பையை வைத்திருப்பவர் பன்னிரண்டு சொற்களைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. அவர் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கட்டும். “பின்னர்” என்பதில் குற்றமில்லை. ஆனால் முதற் பணம் வந்து சேர்ந்த கணமே அப்பக்கம் தோன்றவேண்டும். எழுதி முடித்து, மூன்றாவது சொல் எது, ஏழாவது சொல் எது என்று கேட்டுச் சரிபார்க்கும்வரை அது விலகக்கூடாது. தாளிலே எழுதச் சொல்லவேண்டும். திரையைப் படம் பிடித்து வைத்தால் கைத்தொலைபேசியைத் திருடியவனுக்கே வசதி. அம்மா கேட்ட வாக்கியமோ மலைப் படத்தின் கீழேயே, பெரிய எழுத்தில்: “இதைத் தொலைத்தால் எங்களாலும் மீட்டுத் தர இயலாது.”

தைப்பொங்கலுக்கு அவள் கைத்தொலைபேசியில் பேசினாள். பணம் வந்ததும் சொற்களைக் கேட்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்களாம். அந்த வாக்கியத்தை மட்டும் முதற் பக்கத்தில் வைக்க ஒப்பவில்லை; வருவோரை வாசலிலேயே வெருட்டுவது போலாகும் என்றார்களாம். மூன்று கூட்டங்களில் வாதாடி இரண்டாம் பக்கத்தில் இடம் வாங்கியிருக்கிறாள். எழுத்து பெரியதுதான் என்றாள். காவலர் முறையைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

அன்று நான் ஆங்கிலத்தில் திருத்தி எழுதிய தாளைக் கிழித்துவிடலாம், அது பரீட்சைக்கான சொற்கள்தான் என்று அவள் போகும்போதே சொல்லிச் சென்றாள். அம்மா கொடுக்கவில்லை. தந்தையாரின் பழைய சம்பளத் துண்டுகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் அதையும் மடித்து வைத்திருக்கிறார்.