கணனிக்குள் புகுந்த கப்பக்காரன்

கப்பம் என்ற சொல்லை எமது நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துப் பணம் கேட்ட காலத்தைக் கண்டவர்கள் நாம். இன்றைய கப்பக்காரன் ஆளைத் தொடுவதில்லை. அவருடைய கணக்கையும் கல்யாணப் படங்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறான். அதுவும் அவருடைய வீட்டிலேயே, அவருடைய கணனிக்குள்ளேயே.

இதற்கு ரேன்சம்வெயார் என்று பெயர். கிதாபு ஓதிக் கொடுக்கும் மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கலாம். ஒரு மார்க்கக் கேள்வியாகத்தான் இது என்னிடம் வந்தது.

எங்கள் ஊரில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் ஒரு ராத்தா இருக்கிறார். கணவர் மௌத்தாகிவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள். மூத்த மகளின் படிப்புக்காக வாங்கிய மடிக்கணனியில்தான் உடுப்பு அளவுகள், பாக்கிக் கணக்கு, கணவரின் படங்கள் எல்லாம் இருந்தன. ஒரு நாள் காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். திறந்து தர 980 டொலர். 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை. கப்பத்திலும் கழிவு விலை!

"மௌலவி, கடன்பட்டாவது குடுத்திடலாமா? குடுத்தா எனக்குப் பாவமா?" என்று கேட்டார்.

அநியாயக்காரனிடமிருந்து தன் சொந்த உரிமையை மீட்க வேறு வழியின்றிக் கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவன் மீதே குற்றம் என்று ஃபுகஹாக்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கொடுத்தால் பொருள் கைக்கு வரும் என்ற எண்ணத்தில் சொல்லப்பட்ட சட்டம் அது. இங்கே அதுவே சந்தேகம். ஆகவே பாவமா என்பதற்கு முன், கிடைக்குமா என்று பார்ப்போம் என்றேன். என்னிடம் ஓதி, இப்போது கணனி படிப்பிக்கும் ஒரு தம்பியை அழைத்துக் காட்டினோம்.

அந்தத் தம்பி சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் பிடித்தது. கள்வன் உங்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதற்குத் தன்னுடைய பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இந்தப் பூட்டைப் பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொரு சாவி. திறக்கும் சாவி அவனிடம் மட்டுமே உண்டு. ஒழுங்காகப் போடப்பட்ட பூட்டானால் உலகத்துக் கணனிகளையெல்லாம் சேர்த்தாலும் அதை உடைக்க முடியாது. பணம் வாங்கியபின் அவன் சாவியைத் தருவானா என்பது அவனுடைய நாணயத்தைப் பொறுத்தது. கள்வனின் நாணயம்! 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கிப் பரவிய நொட்பெட்யா என்ற நச்சு நிரலும் இப்படித்தான் 300 டொலர் கேட்டது. ஆனால் கொடுத்தவருக்குச் சாவி தர அதில் வழியே இருக்கவில்லை. கொடுத்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, ராத்தாவின் வீட்டுக்குள் அவன் எப்படி வந்தான்? கதவைத் திறந்துவிட்டது வீட்டார்தான். மகளுக்குப் படம் வரையும் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. விலை கூடியது. கடையொன்றில் பூட்டுடைத்த இலவசப் பிரதியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வைரஸ் காவலன் தடுக்கும், அதை நிறுத்திவிட்டுப் போட வேண்டும் என்றும் சொல்லிப் போட்டார்களாம். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரவில் கதவைத் திறந்து வைப்பது போன்ற வேலை இது. 980 டொலர் கேட்கும் அந்த வகை, வீட்டுக் கணனிகளுக்குள் பெரும்பாலும் இந்த வழியாகவே வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பிறருடைய உழைப்பைத் திருட்டுப் பிரதி எடுப்பதை நம்மில் பலர் ஒரு குற்றமாகவே நினைப்பதில்லை. காஃபிரின் சாமான்தானே என்று சொல்பவர்களும் உண்டு. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நூல், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. கட்டணமில்லாத நேர்மையான மென்பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. பிள்ளைகளின் பாடத்துக்கு அவை போதும்.

ராத்தா பணம் கொடுக்கவில்லை. கணவரின் படங்களில் கொஞ்சம், கத்தாரில் இருக்கும் மச்சானின் வட்ஸ்அப்பிலிருந்து திரும்பக் கிடைத்தன. பாக்கி வைத்திருந்தவர்களில் சிலர் தாமாகவே வந்து சொன்னார்கள். சிலர் வரவில்லை. கடனை எழுதி வைப்பது பற்றிய ஆயத் குர்ஆனிலேயே மிக நீளமானதாக இருப்பது ஏன் என்று அப்போது இன்னொரு முறை யோசித்தேன்.

எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைக் காக்கவும் வேண்டும். யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபின் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டச் செய்தார்கள். அந்த ஏடுகள் பின்னர் ஒரு பெண்ணிடம், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் அதிலிருந்து பிரதிகள் எழுதுவித்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். அந்த மகத்தான காரியத்தோடு நமது படங்களை ஒப்பிடவில்லை. பெறுமதியான எதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்ற முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2023 ஓகஸ்டில் எமது அரசாங்கத்தின் மின்னஞ்சல்களையே இந்தக் கப்பக்காரர்கள் பூட்டினார்கள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். காரணம், அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் தனியாகப் பிரதி இருக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒரு முறை படங்களையும் கணக்கையும் அதில் பிரதி செய்யுங்கள். முக்கியமானது அடுத்த வேலைதான்: உடனே கழற்றி அலுமாரியில் வைத்துவிடுங்கள். கணனியோடு கொழுவியே இருந்தால் அதற்கும் சேர்த்துப் பூட்டு விழும். இணையத்தில் தானாகவே சேமிக்கப்படும் பிரதியும் நல்லதுதான். ஆனால் கணனியில் கோப்பு பழுதானால் அங்கேயும் பழுதானதே போய்ச் சேரலாம். பழைய பிரதியைத் திரும்ப எடுக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. கணனி "அப்டேட்" கேட்டால் தள்ளிப் போட வேண்டாம். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் கணனிகளைப் பூட்டி, இங்கிலாந்தில் வைத்தியசாலைகளையே திணறடித்தது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10 வைத்திருப்போர், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததைக் கவனிக்கவும்.

கைத்தொலைபேசியும் கணனிதான். பரிசு விழுந்தது, பார்சல் வந்திருக்கிறது என்று வட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தி எதையும் இறக்க வேண்டாம். அனுப்பியவர் சாச்சியாக இருந்தாலும், அவரே அனுப்பினாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், அப்படி ஒரு கடிதம் திரையில் வந்துவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். செருகியிருக்கும் பென்ட்ரைவைக் கழற்றுங்கள். கடிதத்தைத் தொலைபேசியால் படம் எடுத்து, விபரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஐரோப்பியப் பொலிஸாரும் மற்றவர்களும் சேர்ந்து 2016 இல் தொடங்கிய "நோ மோர் ரேன்சம்" என்ற தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. ராத்தாவின் பூட்டுக்கு அன்று அங்கே சாவி இருக்கவில்லை. கள்வர்கள் பிடிபடும்போது புதிய சாவிகள் வெளிவருவதுண்டு என்று தம்பி சொன்னதால், பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு பென்ட்ரைவில் போட்டு, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் நூல்கண்டுகளோடு வைத்திருக்கிறார்.